டாக்டர் பதில்கள்: மருந்தின் பெயர் தெரியும், சீட்டு எழுத வருமா?

மாரடைப்பு வந்தவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தேன். நோயாளிகள் கேள்வி கேட்பார்கள் என்று பார்த்தால், வந்த கடிதங்களில் பெரும்பகுதி மருத்துவ மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், அவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் எழுதியவை. எல்லாவற்றிலும் ஒரே கவலைதான். நாளைக்கு டாக்டர் ஆகப்போகிற பிள்ளை முன்னால் ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், மருந்து எழுத வருமா? சரி, இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும். இங்கே வருகிற டோஸ் கணக்கெல்லாம் படிக்கிறவர்களுக்காகச் சொல்வது. வீட்டில் யாரும் இதைப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டாம், டாக்டர்களும் தங்கள் மருத்துவமனை வழிகாட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் இறுதியாண்டு மாணவி. மாரடைப்புக்கு என்ன மருந்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மார்ஃபின், ஆக்சிஜன், நைட்ரேட், ஆஸ்பிரின், அதாவது இவற்றின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்த 'மோனா' என்ற சூத்திரம் மனப்பாடம். ஆனால் வகுப்பில் ஒரு நாள் வெறும் மருந்துத் தாளை நீட்டி "இந்த நோயாளிக்கு எழுது" என்று சொன்னதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்குப் பயமா, இல்லை படிப்பு போதவில்லையா?

பதில்: இரண்டும் இல்லை. உங்களை இதுவரை யாரும் எழுத வைக்கவில்லை, அவ்வளவுதான். தேர்வில் நான்கு விடை கொடுத்து ஒன்றை டிக் அடிக்கச் சொல்கிறார்கள். அங்கே ஆஸ்பிரின் என்ற பெயர் ஏற்கெனவே அச்சாகிக் கிடக்கிறது, அடையாளம் கண்டால் மதிப்பெண். நோயாளியின் தாள் காலியாக இருக்கும். மருந்து, அளவு, எந்த வழியாக, எப்போது, எத்தனை தடவை என்று எல்லாவற்றையும் உங்கள் தலையிலிருந்து எடுத்து அதில் வைக்க வேண்டும், அதையும் பக்கத்தில் உறவினர் அழுதுகொண்டிருக்கும்போது, சிஸ்டர் "சீக்கிரம் சொல்லுங்க டாக்டர்" என்று ஊசியோடு நிற்கும்போது செய்ய வேண்டும். இது வேறு வேலை.

இப்போதே ஒரு தாளை எடுங்கள். 58 வயது ஆண், எடை 70 கிலோ, இரண்டு மணி நேரமாக நெஞ்சு வலி, பிபி 130/80, ஆக்சிஜன் அளவு 97 சதவீதம், இசிஜியில் இதயத்தின் முன்சுவர்ப் பக்கம் எஸ்டி (இசிஜி கோட்டில் ஒரு பகுதியின் பெயர்) வழக்கத்தைவிட மேலே ஏறியிருக்கிறது. மற்றதை விடுங்கள், ஆஸ்பிரின் மட்டும் எழுதுங்கள். மாணவர்களின் தாள்களில் நான் அடிக்கடி பார்ப்பது "ஆஸ்பிரின் 75 மி.கி." என்ற ஒரு வரி. அது பின்னாளில் தினமும் போடுகிற டோஸ். அவசரத்துக்குத் தேவைப்படுவது அதைப் போல ஏறத்தாழ இரண்டிலிருந்து நான்கு மடங்கு. வழிகாட்டிகளில் 150-லிருந்து 325 மி.கி. வரை இருக்கிறது, பல இடங்களில் 300. சரி, 300 என்று எழுதிவிட்டீர்கள், அப்புறம்? "மென்று விழுங்கவும்" என்று எழுதினீர்களா? வயிற்றைப் புண்ணாக்கக் கூடாது என்று மேல்பூச்சு பூசிய மாத்திரையை அப்படியே விழுங்கினால் அது குடலுக்குப் போய்க் கரைந்து வேலை செய்யத் தொடங்குவதற்கு நேரமாகும், நமக்கோ நிமிடக் கணக்கு. "உடனே, ஒரு தடவை மட்டும்" என்று எழுதினீர்களா? எழுதாவிட்டால் காலையில் வருகிற அடுத்த டியூட்டி டாக்டர் அதே 300-ஐத் தினசரி என்று நினைத்துத் தொடர்வார். ஆஸ்பிரின் அலர்ஜி, இப்போது ரத்தக்கசிவு ஏதாவது உண்டா என்று கேட்டீர்களா? கொடுத்த நேரத்தைக் குறித்தீர்களா, கையெழுத்துப் போட்டீர்களா? ஒரே ஒரு மாத்திரைக்கு இத்தனை இருக்கிறது.

அந்த மோனா சூத்திரத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்கு அதன்மேல் நெடுநாள் கோபம். நான்கு மருந்தை நினைவில் வைக்க உதவுகிறது, உண்மைதான். ஆனால் உயிரைக் காப்பாற்றுகிறது என்று உறுதியாக நிரூபணமான ஆஸ்பிரினைக் கடைசியில் வைத்திருக்கிறது, எல்லோருக்கும் தேவைப்படாத மார்ஃபினை முதலில் வைத்திருக்கிறது. 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு 17,187 நோயாளிகளை வைத்து நடந்தது. ஆஸ்பிரின் மட்டும் கொடுத்ததிலேயே ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாளக் காரணங்களால் ஏற்பட்ட மரணம் 23 சதவீதம் குறைந்தது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் கொடுத்தால் 25, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 42. (இதே ஆய்வில் நோயாளிகளை ராசி வாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னபோது, மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஒத்துவரவில்லை என்று கணக்கு வந்ததாம். புள்ளிவிவரத்தைக் கண்டபடி பிரித்தால் எதுவும் வரும் என்று காட்டத்தான் ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். ராசி பார்த்து மருந்து எழுதாதீர்கள்.)

ஆக்சிஜன்? 2017-ல் சுவீடனில் 6,629 பேரை வைத்து நடந்த ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கிறவர்களுக்கு மாஸ்க் போட்டதால் ஓராண்டு மரண விகிதத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. இப்போது 90 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் கொடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் 58 வயதுக்காரருக்கு 97 இருக்கிறது, ஆகவே வேண்டாம். மார்ஃபின் வலியைக் குறைக்கும், ஆனால் வயிறு காலியாவதை மந்தமாக்கி, நீங்கள் வாய்வழி கொடுத்த க்ளோபிடோக்ரெல், டிகாக்ரெலார் போன்ற, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரைகள் ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். தாங்க முடியாத வலி என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பில் கொடுக்கலாம், சூத்திரத்தில் முதல் எழுத்து என்பதற்காகக் கொடுக்கக் கூடாது. ஆக, மனப்பாடம் செய்த நான்கில் இந்த நோயாளிக்குக் கேள்வி கேட்காமல் உடனே போக வேண்டியது ஒன்றுதான். நான்கையும் ஒப்பிக்கிறவரைவிட, எதை இவருக்குக் கொடுக்கக் கூடாது, ஏன் என்று சொல்லத் தெரிந்தவர்தான் தயாரானவர் என்பது என் கட்சி.

கேள்வி: என் மகன் மூன்றாமாண்டு மருத்துவம் படிக்கிறான். சொந்தத்தில் யாருக்கு நெஞ்சு வலி என்றாலும் முதல் போன் அவனுக்குத்தான் வருகிறது. அவன் மாத்திரை பெயர் சொல்லலாமா?

பதில்: உங்கள் மகன் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்." அவனுக்கு இன்னும் மருந்து எழுதும் உரிமம் இல்லை, பதிவு பெற்ற மருத்துவராகும் வரை கிடையாது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்ன பிறகு, ஆஸ்பிரின் அலர்ஜி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, பக்கவாதத்துக்கான அறிகுறி இல்லை என்றால் ஒரு ஆஸ்பிரினை மெல்லச் சொல்வது பல நாடுகளின் முதலுதவிப் பாடத்திலேயே இருக்கிறது. ஆம்புலன்ஸ் எண்ணில் பேசுகிறவர்களே அதைக் கேட்டுச் சொல்வார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் நாக்கடி மாத்திரையை (நைட்ரேட்) வாங்கிப் போடு என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது, அவனையும் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். இரவு டியூட்டியில் ஒருவர் நெஞ்சு வலியோடு வந்தார், இசிஜியில் கீழ்ச்சுவர் மாரடைப்பு. சீனியர் வருவதற்குள் நாக்கடியில் நைட்ரேட் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் பிபி சரசரவென்று இறங்கி ஆள் வெளிறிப்போனார். சலைன் ஏற்றிக் காலைத் தூக்கி வைத்து எப்படியோ சரியானது. சீனியர் வந்து "வலது பக்கம் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு இன்னும் படபடப்பு தீரவில்லை.

பதில்: சீனியர் அந்த ஒரு கேள்வியோடு போகாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். நான் சொல்கிறேன்.

கீழ்ச்சுவருக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் பெரும்பாலானவர்களுக்கு வலது கரோனரி தமனிதான். அது மேலேயே அடைத்தால் வலது வென்ட்ரிக்கிளும் (இதயத்தின் வலது கீழறை) சேர்ந்து அடிபடும். அடிபட்ட வலது பக்கத்துக்குச் சொந்தமாகத் தள்ளுகிற பலம் குறைவு, உடலிலிருந்து திரும்பி வருகிற ரத்தம் நிறைந்து கிடந்தால்தான் அது நுரையீரலுக்குக் கொஞ்சமாவது தள்ளும். நைட்ரேட் செய்கிற வேலையே சிரைகளை விரித்து அந்த வரத்தைக் குறைப்பது. வரத்து குறைந்தது, இடது பக்கத்துக்குப் போவது குறைந்தது, பிபி விழுந்தது. நீங்கள் சலைன் ஏற்றியது சரியான கைவேலை. மார்ஃபினும், நீர் பிரிகிற மாத்திரை ஊசிகளும் இவருக்கு இதே கெடுதலைச் செய்யும்.

ஆகவே கீழ்ச்சுவரில் எஸ்டி ஏறியிருந்தால், நைட்ரேட் பாட்டிலைத் தொடுவதற்கு முன் இசிஜி ஒயர்களில் ஒன்றைக் கழற்றி நெஞ்சின் வலது பக்கத்தில், வழக்கமாக இடது பக்கம் ஒட்டுகிற வி4 இடத்துக்கு நேர் எதிரே ஒட்டி ஒருமுறை எடுங்கள். அதில் எஸ்டி ஏறியிருந்தால் வலது பக்கமும் சேர்ந்திருக்கிறது. ஒரு நிமிட வேலை. அப்படி எடுத்த தாளின் மேல் 'வலது' என்று பேனாவால் எழுத மறந்துவிடாதீர்கள், மறந்தால் அடுத்து பார்க்கிறவர் குழம்புவார். பிபியில் மேல் அளவு 90-க்குக் கீழே இருந்தாலும் நைட்ரேட் கிடையாது.

இன்னொரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை. சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுத்தால் பிபி அதலபாதாளத்துக்குப் போகும். மனைவி, மகன், மருமகள் எல்லாம் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது "அந்த மாத்திரை ஏதாவது..." என்று இழுத்தால் எந்த மனிதர் ஆமாம் என்பார்? திரையை இழுத்துவிட்டு, உறவினரை இசிஜி முடியும் வரை வெளியே நிற்கச் சொல்லி, "நான் கொடுக்கப்போகிற மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து, அதனால் எல்லோரிடமும் கேட்கிறேன்" என்று குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். 'எல்லோரிடமும்' என்ற சொல்தான் வேலை செய்யும். பெண்களிடமும் கேளுங்கள், நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் இதே மாத்திரைகள் கொடுப்பதுண்டு.

ஒரு துணுக்கு: டைனமைட் கண்டுபிடித்த நோபலுக்குக் கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது இதே நைட்ரேட் வகையைச் சேர்ந்த நைட்ரோகிளிசரின்தான். மனிதர் அதைப் பற்றி ஒரு கடிதத்தில் விதியின் கிண்டல் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்.

கேள்வி: ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பயிற்சி மருத்துவர் தன் பொறுப்பில் போடலாமா? கேத் லேப் (இதயக் குழாய் அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டியில் திறக்கும் அறை) இல்லாத சின்ன மருத்துவமனையில் வேலைக்குப் போனால் என்ன செய்வது என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பதில்: கலக்கட்டும், இந்த ஒரு மருந்துக்குக் கொஞ்சம் கலக்கம் இருப்பது நல்லதுதான். இந்த ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு மூளைக்குள் ரத்தம் கசியும். ஆனால் போட வேண்டியவருக்குப் போடாமல் சீனியரின் போனுக்குக் காத்திருந்தால் தசை செத்துக்கொண்டே போகும், அதுவும் பொய்யில்லை. அதனால் முடிவை ஒருவர் தனியாக எடுக்க வேண்டியதில்லை. முடிவுக்குத் தேவையான எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு போன் செய்வதுதான் பயிற்சி மருத்துவரின் வேலை. "சார், ஒரு நெஞ்சு வலி கேஸ் வந்திருக்கு" என்று தொடங்கினால் எதிர்முனையில் பத்துக் கேள்வி வரும், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்குப் பதில் இப்படிச் சொல்லுங்கள்: "58 வயது, வலி தொடங்கி இரண்டு மணி நேரம், முன்சுவரில் எஸ்டி ஏறியிருக்கிறது, பிபி 130/80, எடை 70 கிலோ, கரைக்கும் ஊசிக்கான தடைகள் எல்லாம் கேட்டுவிட்டேன், எதுவும் இல்லை, ஆஸ்பிரின் கொடுத்தாயிற்று, இசிஜியை அனுப்பியிருக்கிறேன், டெனெக்டெப்ளேஸ் 40 மி.கி. போடவா?" சீனியர் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான்.

அதில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். முதலில், இது எஸ்டி ஏறிய மாரடைப்பு. எஸ்டி இறங்கியிருந்தால், அல்லது ரத்தத்தில் டிரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் கூடும் புரதம்) மட்டும் கூடியிருந்தால் கரைக்கும் ஊசி கிடையாது, நன்மை இல்லை, ரத்தக்கசிவு மட்டும் மிச்சம். அடுத்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்யக்கூடிய இடத்தில் 120 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட முடியும் என்றால் அங்கே அனுப்புவதுதான் மேல். முடியாது, வலி தொடங்கி 12 மணி நேரம் தாண்டவில்லை என்றால்தான் ஊசி. ஐரோப்பிய வழிகாட்டி நோயை உறுதிசெய்த பத்து நிமிடத்துக்குள் ஊசி போகவேண்டும் என்கிறது, அமெரிக்கக் கணக்கு மருத்துவமனைக்கு வந்த அரை மணிக்குள்.

தடைகளைக் கேட்பதில்தான் மாணவர்கள் சறுக்குவார்கள், ஏனென்றால் பட்டியல் நீளம், எல்லாம் ஒரே எடையில் புத்தகத்தில் இருக்கும். முன்பு எப்போதாவது மூளையில் ரத்தம் கசிந்ததா, கடந்த ஆறு மாதத்தில் பக்கவாதம் வந்ததா (சில வழிகாட்டிகளில் மூன்று மாதம்), அண்மையில் தலையில் அடி அல்லது பெரிய அறுவைச் சிகிச்சை உண்டா, இப்போது எங்காவது ரத்தம் போகிறதா, ரத்தம் உறையாத நோய் உண்டா. இதோடு, வலி முதுகைக் கிழிப்பது போல் வந்ததா, இரண்டு கையிலும் பிபி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதும் சேரும். மகாதமனியின் சுவர் கிழிந்திருந்தால் அதுவும் நெஞ்சு வலிதான், சமயத்தில் இசிஜியும் மாரடைப்பு மாதிரியே இருக்கும், அங்கே கரைக்கும் ஊசி போட்டால் முடிந்தது கதை. பிபி 180/110-க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும்.

அப்புறம் மருந்து. ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் சொட்டாக ஏறும். பாதியில் பிபி விழுவது சாதாரணம், சொட்டைக் குறைத்து அல்லது சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருமுறை போட்டவருக்கு அதன்பின் எப்போதும் திரும்பப் போடக் கூடாது, எதிர்ப்பணுக்கள் உருவாகியிருக்கும். டெனெக்டெப்ளேஸ் ஒரே ஊசி, எடைக் கணக்கு: 60 கிலோவுக்குக் கீழே 30 மி.கி., பிறகு ஒவ்வொரு பத்து கிலோவுக்கும் ஐந்து ஐந்தாகக் கூடி, 90-லும் அதற்கு மேலும் 50-தான். 75 வயது தாண்டியவருக்குப் பாதி. இங்கே ஒரு குழி இருக்கிறது, கவனியுங்கள்: இதே மருந்தைப் பக்கவாதத்துக்கும் போடுகிறார்கள், அங்கே டோஸ் ஏறத்தாழ இதில் பாதி, 25 மி.கி.தான் உச்சம். ஆகவே போனில் "டிஎன்கே ஃபுல் டோஸ்" என்றெல்லாம் பேசாமல் மருந்தின் முழுப் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஓடுகிற லைனில் இந்த ஊசியைச் செலுத்தினால் மருந்து திரிந்துவிடும். முன்னும் பின்னும் சலைன் விட்டுக் கழுவ வேண்டும். இதைப் பெரும்பாலும் சிஸ்டர்தான் ஞாபகப்படுத்துவார், வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே போகவேண்டியவை இரண்டு. க்ளோபிடோக்ரெல் 300 மி.கி., 75 வயதைத் தாண்டியவருக்கு 75 மி.கி. மட்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸபாரின், அதிலும் வயதுக்கு ஏற்ற கணக்கு, 75-ஐத் தாண்டினால் நரம்பில் போடுகிற முதல் ஊசி கிடையாது. பாருங்கள், 75 என்ற வயதுக்கோடு மூன்று மருந்திலும் குறுக்கே வருகிறது. நோயாளியின் வயதைக் கேட்காமல் எழுதுகிற கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எங்கள் மாணவர்களிடம் "அவசர இதய மருந்துகளை எழுத உங்களுக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா?" என்று படிவம் கொடுத்துக் கேட்டோம், பெரும்பாலோர் இருக்கிறது என்றார்கள். எழுத்துத் தேர்விலும் நல்ல மதிப்பெண். இதற்குமேல் எதைச் சோதிப்பது?

பதில்: படிவத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். தன்னம்பிக்கை அதிகம் உள்ள மாணவரும் சரியாக எழுதும் மாணவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பல நேரம் தயங்குகிறவர்தான் டோஸைச் சரிபார்த்துவிட்டு எழுதுகிறார்.

பிரிட்டனில் மருத்துவக் கவுன்சில் கேட்டு 2009-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. மருத்துவமனைகளில் எழுதப்பட்ட 1,24,260 மருந்து உத்தரவுகளைப் பார்த்ததில் 8.9 சதவீதத்தில் பிழை. இதில் எனக்குப் பிடித்த விவரம், படிப்பு முடித்து முதலாண்டு வேலை செய்கிறவர்களிடம் பிழை 8.4 சதவீதம், இரண்டாமாண்டுக்காரர்களிடம் 10.3. ஓராண்டு அனுபவம் கூடியும் பிழை குறையவில்லை. அனுபவமிக்க நிபுணர்களிடமும் 5.9 இருந்தது. பிழைகளில் மிகப் பெரும்பாலானவற்றை மருந்தாளுநரோ நர்ஸோ மற்றவரோ பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். வார்டில் மருந்துச் சீட்டை மருந்தாளுநர் பார்க்க நேரமிருக்கிறது. மாரடைப்பில் அந்த வடிகட்டி கிடையாது, எழுதின மை காய்வதற்குள் மருந்து உள்ளே போய்விடும். அதனால்தான் இந்த ஒரு நோய்க்கு மட்டும் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று நானும் சொல்கிறேன்.

அந்த நாட்டில் பிறகு 2014-லிருந்து இறுதியாண்டு மாணவர்களுக்கு மருந்து எழுதுவதற்கென்றே தனித் தேர்வு வந்தது. இரண்டு மணி நேரம், 60 கேள்வி, மருந்துக் கையேட்டைப் பார்த்து எழுதலாம். பார்த்து எழுத விடுகிறார்கள் என்பது முக்கியம், நிஜத்தில் பார்த்துத்தானே எழுத வேண்டும்? உலக சுகாதார நிறுவனமும் 1994-லேயே மருந்து எழுதுவதை ஆறு படிகளாகப் பிரித்து மாணவர்களுக்கு வழிகாட்டி போட்டுவிட்டது: நோய் என்ன, சிகிச்சையின் நோக்கம் என்ன, இந்த மருந்து இந்த நோயாளிக்குப் பொருந்துமா, எழுது, விளக்கிச் சொல், பலனைக் கவனி. நம் வகுப்புகள் முதல் படியிலும் மருந்தின் வேதியியலிலும் நின்றுவிடுகின்றன.

என்ன செய்யலாம் என்றால், பொம்மை நோயாளியும் மானிட்டரும் உள்ள அறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் கேஷுவாலிட்டியில் பயன்படுகிற அதே மருந்துத் தாள், பழைய இசிஜி நான்கு, ஒரு கடிகாரம், நோயாளியாக நடிக்க ஒரு மாணவர் போதும். நான்கு இசிஜியில் ஒன்று கீழ்ச்சுவர், ஒன்றில் எஸ்டி இறங்கியிருக்கட்டும், ஒருவருக்கு 78 வயது, ஒருவர் கேட்டால் மட்டுமே போன மாதம் பக்கவாதம் வந்ததைச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம். எழுதிய தாளை அவர்கள் முன்னாலேயே, அங்கே வேலை பார்க்கிற ஒரு நர்ஸைக் கூப்பிட்டு, "இதை வைத்து நீங்கள் மருந்து கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். உங்கள் மதிப்பெண்ணைவிட அந்தப் பதில் மாணவருக்கு உறைக்கும். இன்னொன்று, வார்டில் உண்மையான நோயாளிக்கான உத்தரவை மாணவரே பென்சிலில் வரைவாக எழுதட்டும், டாக்டர் அதைத் திருத்தித் தன் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். செலவே இல்லாத பயிற்சி இது. ஏன் எங்குமே ஒழுங்காக நடப்பதில்லை என்பது எனக்குப் புரியாத சங்கதி.

கேள்வி: கேஷுவாலிட்டி நர்ஸாக இருக்கிறேன். புதிதாக வந்த டாக்டர் அவசரத்தில் தப்பாக டோஸ் சொன்னால் எப்படிச் சொல்வது? நோயாளி முன்னால் சொன்னால் முகம் சுண்டிவிடுகிறது.

பதில்: தப்பு என்று சொல்லாதீர்கள், சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். "மார்ஃபின் 25 மில்லிகிராம், நரம்பில், இப்போதே. சரியா டாக்டர்?" பத்தில் ஒன்பது தடவை அவரே "ஐயோ, 2.5" என்பார். வாய் உத்தரவு எதுவானாலும் இப்படித் திருப்பிச் சொல்வதை வழக்கமாக்கிவிட்டால் யார் முகமும் சுண்டாது, தப்பான போது மட்டும் செய்தால்தான் குத்திக்காட்டுவது போலாகும். அதற்கும் மசியாவிட்டால் மருந்தை எடுக்காமல் சீனியரைக் கூப்பிடுங்கள், முகத்தைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதுகிறவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. 5 மி.கி. என்பதை 5.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மங்கினால் 50. ஒன்றுக்குக் குறைவென்றால் .5 என்று எழுதாமல் 0.5 என்று முன்னால் பூஜ்யம் போடுங்கள். யூனிட் என்பதற்கு ஆங்கில யூ எழுத்தை மட்டும் போட்டால் அதுவும் பூஜ்யமாகத் தெரியும், ஹெப்பாரினில் அது பத்து மடங்கு.

கேள்வி: டோஸ் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது கேவலமா? என் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிக்கிறவர்களின் டோஸை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் டோஸ், மறுபக்கம் எப்போது கொடுக்கக் கூடாது. இரண்டாவது பக்கம்தான் அதிகம் அழுக்காக வேண்டும்.

கேள்வி: எனக்கு 62 வயது, சர்க்கரை நோய் உண்டு. மேல் வயிற்றில் பாரமும் வியர்வையுமாகப் போனபோது ஒரு இளம் டாக்டர் அசிடிட்டி என்று மருந்து கொடுத்தார். என் மகள் வற்புறுத்தியதால்தான் இசிஜி எடுத்தார்கள், மாரடைப்பு என்று தெரிந்தது. இதுவும் நீங்கள் சொல்லும் தயார் நிலைக்குள் வருமா?

பதில்: வரும், அம்மா. முதலில் வருவதே இதுதான். நோய் என்ன என்று தோன்றாவிட்டால், 300 மில்லிகிராம் தெரிந்து என்ன பயன்? சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், பெண்கள் ஆகியோருக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பது போல் இடது கைக்குப் பரவுகிற நெஞ்சு வலி வராமல், மூச்சு வாங்குதல், வியர்வை, வாந்தி, மேல் வயிற்றுப் பாரம், காரணம் தெரியாத களைப்பு என்று வருவது சகஜம். இப்படி யார் வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து ஒரு டாக்டர் பார்த்திருக்க வேண்டும் என்பது முக்கிய வழிகாட்டிகள் சொல்லும் விதி. அசிடிட்டி மருந்து குடித்து வலி குறைந்தது என்பது இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. முதல் இசிஜி சரியாக இருந்தாலும் பாரம் தொடர்ந்தால் கால் மணி, அரை மணியில் திரும்ப எடுக்க வேண்டும், டிரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு என் வாழ்த்து.

கேள்வி: இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் உடனே கொடு என்கிறது ஒரு குறிப்பு, பொறு என்கிறார் சீனியர். கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினையும் இரவு இரண்டு மணிக்கே எழுத வேண்டுமா?

பதில்: சீனியர் சொல்வது சரி. 2005-ல் சீனாவில் 45,852 பேரை வைத்து நடந்த ஆய்வில், வந்தவுடன் மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கரை நரம்பில் கொடுத்ததால் திரும்ப மாரடைப்பும் ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறும் குறைந்தன, ஆனால் இதயம் சோர்ந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்கள் கூடினார்கள், மொத்த மரணத்தில் லாபமில்லை. நுரையீரலில் நீர்ச் சத்தம், பிபி குறைவு, நாடி மிக வேகம் அல்லது மிக மெதுவு, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். நிலைமை அடங்கியதும் முதல் 24 மணி நேரத்துக்குள் வாய்வழி தொடங்கலாம். அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி. சீக்கிரம் தொடங்குவது நல்லது, ஆனால் அதற்காக ஆஸ்பிரினோ கரைக்கும் ஊசியோ ஒரு நிமிடம்கூடத் தாமதமாகக் கூடாது. அவையெல்லாம் போன பிறகு எழுதுங்கள், இரண்டு மணியானாலும் மூன்று மணியானாலும்.